கண்ணாடி மங்கும் இடம்

புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டியில்
அடுக்குமாடி வீடுகளின் ஓரம் வந்ததும்
ரயிலின் கண்ணாடி தானாக வெளுத்துவிடும்.
யார் வீட்டு அடுப்பும், யார் வீட்டுக் கொடித்துணியும்
நமக்குத் தெரியாது.
சில விநாடிதான்.
பிறகு மரம், சாலை, வானம்.

சின்ன வயதில் அதைப் பழுது என்று நினைத்திருந்தேன்.

செவ்வாய் இரவு பதினொன்று இருபதுக்கு
மெஹ்ரின் எனக்கு மட்டும் எழுதினாள்:
வாப்பா வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது,
உம்மா தினமும் நான்கு தட்டு எடுத்துவைத்து
ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள்.
எழுத்துப்பிழையோடு, முற்றுப்புள்ளி இல்லாமல்,
நடுவில் ஒரு சிரிக்கும் முகம்,
அழும்போது போடுவோமே, அது.

நான் ஓர் இதயம் அனுப்பினேன். சிவப்பு.
பிறகு அதைப் படம் பிடித்தேன்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.
அன்று மாலை முழுக்க எங்கள் குழுவில்
நான் போட்ட எதற்கும் யாரும் பதில் போடவில்லை,
ஒரு கட்டைவிரல்கூட இல்லை.
'பாவம்ல' என்று ஒரு சொல் சேர்த்து அனுப்பினேன்.
இதற்கு உடனே வந்தது.
'அய்யோ', 'நிஜமாவா', 'யாருகிட்டயும் சொல்லல',
வாய் பிளந்த மஞ்சள் முகங்கள் வரிசையாக.
நான் சூடாக இருந்தேன், குளிரில் தேநீர் குடித்ததுபோல்.
வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

நாற்பது விநாடியில் அழித்தேன்.
அதற்குள் ஐந்து பேர் பார்த்திருந்தார்கள்.
ஒருத்தி மெஹ்ரினின் பக்கத்து இருக்கை.

எங்கள் வகுப்புக்குப் பெயர் 3 கேர்.
மறுநாள் தமிழ்ச் சோதனையில்
'ஒத்துணர்வு' என்ற சொல்லை வாக்கியத்தில் அமைக்கச் சொன்னார்கள்.
அமைத்தேன். இரண்டுக்கு இரண்டு.
மெஹ்ரின் மீ சோட்டோ வாங்கிக்கொண்டு
வேறு மேசைக்குப் போனாள்.
திட்டவில்லை. என்னை நீக்கவும் இல்லை.
நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று
அவள் படத்தைச் சுற்றி எனக்குத் தெரியும் பச்சை வளையம்
அன்று இல்லை. அவ்வளவுதான்.

பள்ளி முடிந்து ரயிலில் தட்டச்சு செய்தேன்.
'சாரிடி.' அழித்தேன்.
'நான் வேணும்னே செய்யல.' அழித்தேன்.
பெட்டிர்.
'நீ தப்பா எடுத்துக்காதே.'
எழுதும்போதே தெரிந்தது,
இதில் அவள் எங்குமே இல்லை, நான்தான் இருக்கிறேன்.
அழித்தேன்.
பெண்டிங். நிலையத்தின் பெயரைப் பார்த்து
வேறொரு நாள் சிரித்திருப்போம்.
ஃபஜாரைத் தாண்டிப் போய்விட்டேன். செகார், ஜெலாப்பாங்,
செஞ்சா. மறுபடி புக்கிட் பாஞ்சாங்.
இறங்கி, எதிர்ப்பக்கம் ஏறி,
இன்னும் ஒரு வரிகூட நிற்கவில்லை.

நான் எழுதுவது அங்கே
துடிக்கும் மூன்று புள்ளிகளாகத் தெரியும் என்பதை
மறந்தே போயிருந்தேன்.

'அரை மணி நேரமா டைப் பண்றே.
கட்டுரையா?'

'ஃபஜார்ல இறங்குறேன். கீழ வர்றியா?'

நீல டிக். பதில் இல்லை.

அவள் புளோக்கின் கீழ்த்தளத்தில், தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.
லிஃப்ட் வந்தது. மிதிவண்டியோடு ஓர் அங்கிள்.
மறுபடி வந்தது. யாரும் இல்லை.
கைப்பேசியை எடுக்கவேண்டும் போலிருந்தது,
எதற்கென்று இல்லை, கை சும்மா இருந்ததால்.
எடுக்கவில்லை.

மெஹ்ரின் வந்தாள்,
நீலத் தொட்டியில் போடும் பழைய அட்டைகளை
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு,
என்னைப் பார்க்க வரவில்லை என்று காட்ட.

"யார் யார் பார்த்தாங்க?"

ஐந்து பெயர்களையும் சொன்னேன்.
ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் எப்படி மாறியது என்று
முதல்முறையாகப் பார்த்தேன்.
அதற்கு எந்த மஞ்சள் முகமும் பொருந்தவில்லை.

"தட்டு விஷயமுமா?"

"ஆமா."

அட்டைகளைக் கீழே வைத்தாள்.
போகவில்லை. பேசவும் இல்லை.
எங்கள் தலைக்கு மேல், மேம்பாலத்தில்
ஒரு ரயில் ஜன்னல்கள் வெளுத்துப் போனது.
அதிலிருந்த யாருக்கும்
நாங்கள் தெரியவில்லை.